டாக்டரம்மாவின் பச்சைக் கார்

கேட்டைத் தாண்டி உள்ளே வர உதயகுமாருக்குக் கால் எழவில்லை. அஞ்சலை கொண்டியைப் பிடித்தபடி நின்றாள். காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை அதற்குள் அவன் முதுகில் ஒட்டியிருந்தது. லக்ஷ்மிபுரத்தின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. உள்ளே ஷெட்டில் வெள்ளைக் கார் நின்றது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவன் மதிலோரத்துச் செண்பக மரத்தைப் பார்த்தான், எதிர்வீட்டு மாடியைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தான்.

"உள்ள வாங்க. கார் ஒண்ணும் கடிக்காது."

"வரேன் புள்ள. நீ முன்னால போ."

முன்னால் போய்ப் போய் அவளுக்கு அலுத்துவிட்டது. எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னால். விடிந்தால் இந்த ஜப்பான்காரர் வீட்டுச் சமையல், மத்தியானம் அடுத்த தெருவில் ஒரு பென்ஷன்காரர் வீடு, சாயங்காலம் இன்னொன்று. வீட்டுக்குப் போனால் இவன் சுவரில் சாய்ந்து, போட்டிருக்கும் ரேடியோவைக்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பான். ஊரான கௌதள்ளியில் டிராக்டர் ஓட்டக் கற்று, ஹனூரில் லாரியில் கிளீனராகத் தொத்தி, மைசூரில் பதினைந்து வருஷம் டாக்ஸி ஓட்டி, கடைசியில் கம்பெனி கார் வரைக்கும் வந்த மனுஷன். இப்போது ஸ்டியரிங் என்று சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுகிறான்.

இந்த வீட்டு ஹிராயாமா குடும்பம் அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறது. அவர் இடத்துக்கு வேறொரு அதிகாரி வருகிறார். ஹிராயாமா அவளை அடுக்களையிலிருந்து கூப்பிட்டு, தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையும் ரெண்டு கன்னட வார்த்தையும் போட்டுச் சொல்லியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை உன் புருஷன் எங்களைச் சாமுண்டி மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பட்டும். புது அதிகாரிக்கு அவன்தான் டிரைவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். இல்லையென்றால் கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிடும். அவ்வளவுதான் விஷயம். ஊரைச் சுற்ற எத்தனையோ இடம் இருக்க, அந்த மலைதானா கிடைத்தது என்று அஞ்சலைக்கு வயிறு எரிந்தது. அம்மனைப் பார்த்துவிட்டுப் போக அந்த வீட்டம்மாவுக்கு ஆசையாயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த மலையிலிருந்து இறங்கும்போதுதான் அது நடந்தது. காரில் வீட்டம்மாவும் குழந்தை நாவோவும் இருந்தார்கள். பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. உதயகுமார் காரை மலைப்பக்கமாக ஒடித்து, பாறையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினான். மறுபக்கம் ஒடித்திருந்தால் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. குழந்தைக்கு முன்பல் போனது, அதுவும் விழ இருந்த பால்பல். ஊரே அவனைக் கொண்டாடியது. கம்பெனியில் மாலை போட்டார்கள். ஹிராயாமா இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். மாலையோடு வீட்டுக்கு வந்தவன் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, "இனி நான் வண்டி தொட மாட்டேன்" என்றான். பயம் தெளிந்தால் சரியாகும் என்று அவள் நினைத்தாள்.

ஆனால் அவள் சும்மா இருந்துவிடவில்லை. அந்தக் காருக்கு பிரேக் வேலை பார்த்தது அக்ரஹாரத்து பசவராஜ். சின்ன ஷெட், தானே முதலாளி, தானே மெக்கானிக். மறுநாளே அவன் கடை முன்னால் போய் நின்று அஞ்சலை கத்திய கத்தலில் பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்களெல்லாம் பிரதட்சிணத்தை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். தமிழில் திட்டினாள், போதவில்லை என்று கன்னடத்திலும் திட்டினாள். "மூணு உசுரு போயிருக்கும்டா, உன் கை விளங்குமா?" என்றாள். பசவராஜ் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். "அக்கா, என் கெலசத்துல தப்பு இல்ல. பாத்த வேலையை செக் பண்ணித்தான் குடுத்தேன்" என்றான். அதற்கும் சேர்த்துத் திட்டினாள். கம்பெனி தன் வண்டிகளை வேறு இடத்துக்கு மாற்றியது. மற்றவர்களும் மெல்ல மெல்ல விலகினார்கள். இப்போதும் அந்த வழியாக அவள் போனால், காலியான ஷெட்டில் அவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். இவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். செய்த தப்பு உறுத்துகிறது, நன்றாக உறுத்தட்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் நடப்பாள்.

உள்ளே வீட்டம்மா இன்னும் தயாராகவில்லை. பாதிக்குமேல் முளைத்த புதுப்பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நாவோ ஓடிவந்தாள். அஞ்சலையின் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டு பேசக் கற்ற குழந்தை. தமிழும் கன்னடமும் அவளுக்கு ஒரே பாஷைதான்; 'வாங்க' என்பதற்கு 'பன்னி', 'பார்க்க' என்பதற்கு 'நோட' என்று கலந்துகட்டிப் பேசுவாள்.

"மாமா, பன்னி! கார் படம் நோடலாம்!"

அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய் டி.வி. முன்னால் தரையில் உட்கார வைத்துவிட்டாள். வி.சி.ஆரில் கேசட் போனது. அஞ்சலைக்கு அந்தப் படம் மனப்பாடம். பாத்திரம் துலக்கும்போதும் காய் நறுக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டாக்டரம்மா, கிழட்டுப் பச்சைக் காரில் மலைக்கிராமங்களுக்குப் போய் வைத்தியம் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். கார்ட்டூன் என்றால் பூனை தட்டையாகும், எலி வெடிகுண்டை விழுங்கும் என்றுதான் அஞ்சலை நினைத்திருந்தாள். இதில் அதெல்லாம் கிடையாது. இதில் கார் காராகவே இருந்தது. கதவு முதல் தடவையில் சாத்திக்கொள்ளாது. டாக்டரம்மா அலுத்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்து அறைவாள். குளிரில் எஞ்சின் இருமி இருமிக் கிளம்பும். நோயாளியைப் பின்சீட்டில் ஏற்றினால் பின்பக்கம் கொஞ்சம் தாழும். வைப்பர் எட்டாத மூலையில் மண் அப்படியே நிற்கும். கையால் வரைந்த படத்தில் எதற்கு இந்த அழுக்கு, யார் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த டாக்டரம்மா கதவை இரண்டாம் தடவை அறையும்போதெல்லாம், பாவம், நம்மைப்போல அவளும் களைத்துப் போனவள் என்று தோன்ற ஆரம்பித்தது.

உதயகுமார் முதலில் ஒப்புக்குத்தான் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் முதுகு நிமிர்ந்தது. அஞ்சலை கதவோரம் நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளட்சை மிதிச்சிட்டுத்தான் கியர் போடறா," என்றான் யாரிடமோ. "முழங்கால் அசையுது பாரு. அதைக்கூட வரைஞ்சிருக்கான்."

எட்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து வண்டியைப் பற்றி வந்த முதல் பேச்சு.  தான் பேசினால் அது நின்றுவிடுமோ என்று அவள் கதவோரத்திலேயே நின்றாள்.

படத்தில் மழை பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா மலையிலிருந்து இறங்குகிறாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. வளைவு வருவதற்கு முன்னால் அவள் இடது கை கியருக்குப் போகிறது. எஞ்சின் உறுமல் ஏறுகிறது. வண்டி, மூக்கணாங்கயிறு பிடித்து இழுத்த மாடுபோல, முனகிக்கொண்டு நிதானமாகிறது. பிரேக்கை லேசாகத் தொடுகிறாள். மூக்கு தாழ்கிறது. பின்விளக்கின் சிவப்பு ஈர ரோட்டில் விழுந்து நீள்கிறது.

உதயகுமாரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரல் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது.

"அணைக்கவேயில்ல," என்றான். "இறக்கத்துல எஞ்சினை அணைக்கவேயில்ல பாரு."

வளைவு முடிந்து பச்சைக் கார் சமதரைக்கு வந்தது. நாவோ கை தட்டினாள். அஞ்சலை மட்டும் திரையை விட்டுவிட்டு அவன் காலைப் பார்த்தாள். டாக்ஸி ஓட்டிய காலத்தில் மலைச்சவாரி முடித்துவிட்டு வந்தால் இவன் மார் தட்டிக்கொள்வான்: உச்சியில் சாவியைத் திருப்பினால் அடிவாரத்தில்தான் எஞ்சின் போடுவேன், ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை என்று. ஸ்டாண்டில் நிற்கும் எல்லா டாக்ஸிக்காரனும் செய்கிற காரியம்தான். அவளும் தண்ணீர்க் குழாயடியில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எங்க வூட்டுக்காரர் கெட்டிக்காரர் என்று. அதையும் இதையும் இத்தனை நாள் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையே, நான் என்ன மண்ணாங்கட்டியா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏனுங்க," என்றாள் மெல்ல. "அன்னிக்கு அணைச்சீங்களா?"

அவன் திரும்பவில்லை.

"அம்பாசடர்ல எத்தனை வருசம் அப்படி இறக்கியிருக்கேன். ஒண்ணும் ஆனதில்ல. இது புது மாதிரி வண்டி. எஞ்சின் ஓடினாத்தான் பிரேக் மிதிக்க லேசா இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு தடவ மிதிச்சேன், பிடிச்சுது. மூணாவது தடவ கல்லை மிதிச்ச மாதிரி ஆயிப்போச்சு." தரையில் ஊன்றியிருந்த காலை எடுத்து மடக்கிக்கொண்டான். "நிறுத்தின கையோட, யாருக்கும் தெரியாம சாவியை மறுபடி ஆன் பக்கம் திருப்பி வெச்சுட்டேன். அப்புறம் மாலை போட்டுட்டாங்க. என்னன்னு சொல்றது?"

"பசவராஜை நான் கத்துனப்ப? அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கத்திட்டு வந்துட்ட புள்ள. வந்துதான் சொன்ன."

அதுவும் உண்மைதான். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பசவராஜின் முகம்தான் வந்தது. அவன் குற்ற உணர்ச்சியில் குனியவில்லை. இவளிடம் இன்னொரு முறை வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாதென்று குனிந்திருக்கிறான். 

ஹிராயாமா சாவியோடு வந்தார். டி.வி.யைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த உதயகுமாரைப் பார்த்தார். கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். விபத்து நடந்த அன்றைக்கே வண்டியை வேறு இடத்தில் பிரித்துப் பார்க்கச் சொல்லி, பார்த்தபின் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அஞ்சலையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் இரண்டு கையாலும் சாவியை நீட்டினார். உதயகுமார் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

முன்சீட்டில் அஞ்சலை உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் ஓட்டும் காரில் முன்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை. மலை ஏறும்போது அவன் ஒரு வளைவிலும் அவசரப்படவில்லை. கோயிலில் கும்பல். வீட்டம்மா குங்குமம் வைத்துக்கொண்டாள், நாவோ நந்தியைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள், உதயகுமார் அம்மன் சந்நிதிக்கு வராமல் வெளியே வண்டியருகிலேயே நின்றான். எல்லோரும் திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. கீழே மைசூரில் அங்கங்கே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இறக்கம் ஆரம்பித்தது. முதல் வளைவுக்கு முன்னால் அவன் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவிச் சாவிப்பக்கம் போனதை அவள் பார்த்தாள். அவன் நினைத்துச் செய்யவில்லை என்று தெரிந்தது. பதினைந்து வருஷத்துப் பழக்கம் தானாகவே கிளம்பியிருந்தது. அஞ்சலை குறுக்கே சாய்ந்து, கையை நீட்டிச் சாவியை மூடிக்கொண்டாள். அவன் விரல்கள் அவள் புறங்கையில் பட்டன. திடுக்கிட்டுப் பின்வாங்கின. அப்புறம் இடது கை கியருக்குப் போனது. எஞ்சின் முனகியது.

"டாக்டரம்மா கார்!" என்று பின்சீட்டிலிருந்து நாவோ கத்தினாள்.

இடுப்பு வலித்தது. அப்படியும் அடிவாரம் வரைக்கும் அஞ்சலை கையை எடுக்கவில்லை. பின்னால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. லக்ஷ்மிபுரத்துக்கு நேராகப் போகும் ரோடு இருந்தது. அவன் இண்டிகேட்டரைப் போட்டான். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டது. வண்டி அக்ரஹாரத்துத் தெருவுக்குள் திரும்பியது. அஞ்சலை அவனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள்கள், பூக்கூடைகள், கோயில் மணி. பசவராஜின் ஷெட் திறந்திருந்தது. உள்ளே மஞ்சளாக ஒரே ஒரு பல்பு.

ஷெட்டைக் கொஞ்சம் தாண்டி கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இறங்கவில்லை. கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடியில் பசவராஜ் தெரிந்தான். தெரிந்த வண்டியைப் பார்த்து ஸ்டூலிலிருந்து எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தெருவுக்கு வந்து நின்றான். அவன் வெள்ளை பனியன் மேல் பின்விளக்கின் சிவப்பு விழுந்திருந்தது. அஞ்சலை தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.