பிறந்த வீட்டுக் கோடி

“ஆஸ்பத்திரியில திங்கக்கெழம பெட்டு சொல்லிட்டாங்க அண்ணி. அம்மாவுக்குத் துணிமணி எடுத்து வைங்க” என்றான் கலையரசன்.

ஜெயசித்ரா மாமியாரின் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சியம்மாளின் வலக் கன்னம் வீங்கி, உள்ளே புண் வைத்திருந்தது. காலமெல்லாம் அடக்கிய புகையிலை கொடுத்த புற்று. அதற்கு முன்பே மறதி நோய் அவளைப் பிடித்துவிட்டது. பெற்ற மகன் கலையரசனைப் பால்காரன் என்பாள். மூத்த மருமகளின் பெயரும் தெரியாதுதான். ஆனாலும் பசித்தால் “ஆத்தா” என்று அவளைத்தான் கூப்பிடுவாள்.

“டாக்டரம்மா சொன்னத நீங்களுந்தானே கேட்டீங்க தம்பி?”

கேட்டிருந்தான். திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல்தான் பேசினார். தாடையில் பாதியை எடுக்க வேண்டும். மூக்கில் குழாய் விட்டு ஆகாரம். பிறகு புற்றைக் கதிரால் சுடும் கரண்ட் வைக்க வேண்டும். இத்தனைக்கும் பிழைப்பது உறுதியில்லை; எதற்காக இந்தப் பாடு என்பதே அம்மாவுக்குப் புரியாது. வீட்டிலேயே வைத்து வலிக்கு மருந்து கொடுக்கலாம், அதுவும் வைத்தியம்தான், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

சோதனைக்குச் சதை எடுத்துப் பார்த்த அன்றைக்கே கொளஞ்சியம்மாள் கையில் ஏறிய ஊசியைப் பிடுங்கி எறிந்திருந்தாள். வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அன்றிலிருந்து யார் கையில் துணியைக் கண்டாலும் அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கஞ்சி துடைக்கும் ஜெயசித்ராவின் முந்தானைக்கு மட்டும் அவள் பயப்படவில்லை.

கலையரசன் கல்நெஞ்சக்காரன் அல்ல. அவனுக்கும் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் முடிவெடுக்கும்போது அவன் கண் முன்னால் நின்றது அம்மா அல்ல. ஜெயங்கொண்டத்துத் தாய்மாமன் அய்யம்பெருமாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து விழ வேண்டும். விழாமல் பாடை எழும்பாது. ‘எங்க வூட்டுப் பொண்ண வைத்தியம் பாக்காம சாவவுட்டுட்டீங்க’ என்று கூடப்பிறந்தவன் கோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டால், குடும்ப மானம் சந்தி சிரிக்கும். கலையரசனின் சின்னம்மா சாவில் அப்படித்தான் பொழுது சாயும்வரை பிணம் வாசலில் கிடந்தது. உயிரோடு வலியில் துடிப்பவளை எட்டிப் பார்க்க ஆளில்லை. செத்தபிறகு வழக்கு விசாரிக்க ஊரே திரண்டு வரும். நல்ல நியாயம் இது!

ஞாயிற்றுக்கிழமை அய்யம்பெருமாள் குரும்பலூர் வந்து இறங்கினார். ஆண்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஜெயசித்ரா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் புருஷன், இந்த வீட்டு மூத்த பிள்ளை, லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து அதுதான் அவள் இடம். கிழவியின் மலம் அள்ள அவள் வேண்டும். நல்லது கெட்டது பேசும் இடத்தில் தாலி அறுத்தவள் நிழல்கூட விழக்கூடாது.

“செய்யவேண்டியத செஞ்சிபுடணும் மாப்ள. நாளைக்கி ஒரு பேச்சு வந்துடக்கூடாது பாரு” என்றார் அய்யம்பெருமாள்.

“நானும் அதான் மாமா சொல்றேன்.”

இருவரும் தரையைப் பார்த்துத்தான் பேசினார்கள். ‘அக்காவ அறுக்காம வுட்டாத் தேவல’ என்று தன் பெண்டாட்டியிடம் புலம்பிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறியிருந்தார். அதை இங்கே சொன்னால், தம்பிக்காரனே கைகழுவிட்டான் என்று ஊர் பேசும். மருமகனுக்கு மாமன் பயம், மாமனுக்கு ஊர் பயம். நடுவில் கிடந்து நசுங்கியது கொளஞ்சியம்மாளின் உயிர்.

“அக்காவ ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்” என்று எழுந்தார். கழுத்து வேர்வையைத் துடைக்கத் தோள் துண்டை எடுத்தபடியே கூடத்து ஓரத்துக் கட்டிலருகே குனிந்தார்.

கொளஞ்சியம்மாள் துண்டைப் பார்த்தாள். சுவரோடு ஒண்டி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“கட்டாதீங்க சாமி... நான் எதயும் திருடல சாமி...”

இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பியைப் பார்த்துத்தான் அவள் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். அய்யம்பெருமாள் துண்டை எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஜெயசித்ரா கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு நடுவில் வந்து அய்யம்பெருமாளைப் பார்த்து நின்றாள்.

“சித்தப்பா, அத்தைக்கு ஆப்பரேசன் வேணாம். வலிக்கி மருந்து வாங்கிக் குடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“ஊரு என்னாம்மா சொல்லும்?”

“நான்தான் வேணாம்னேன்னு சொல்லிடுங்க. ‘புருசன முழுங்குனவ’ன்னு ஏற்கெனவே பேரு வாங்கியாச்சி. ‘மாமியாள சாவவுட்டவ’ன்னும் சேத்துச் சொல்லட்டும். நீங்க கோடி போட மாட்டேன்னு மட்டும் நின்னுடாதீங்க.”

‘அப்படியெல்லாம் பேசாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை. பெருமூச்சுதான் விட்டார்கள். கலையரசன் போனை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வரவில்லை என்று சொல்ல வெளியே போனான்.

கொளஞ்சியம்மாள் அறுவடைவரை இருந்தாள். வலி மருந்து வேளை தவறாமல் போனது. ஆறின கஞ்சியைக் குடித்தாள், தூங்கினாள், சில நாள் சிரிக்கவும் சிரித்தாள். ஒரு விடியற்காலையில் ஜெயசித்ராவின் மடியில் கைகளைப் போட்டபடியே அடங்கிப்போனாள்.

அய்யம்பெருமாள் கொண்டுவந்த கோடி மறுபேச்சில்லாமல் விழுந்தது. கூட்டத்தில் பங்காளி வீட்டு முத்தாயிதான் கேட்டாள். “ஏண்டா கலையரசா, அறுத்து வைத்தியம் பாத்திருந்தா பொழச்சிருப்பாளே?”

“நாங்க பாக்கலாம்னுதான் சொன்னோம். அண்ணிதான் வேணாம்னுட்டாங்க.”

அத்தனை கண்ணும் ஜெயசித்ராவின் மேல் திரும்பின. அய்யம்பெருமாள் செருப்பைத் தேடுபவர்போல் குனிந்துகொண்டார்.

“ஆமா, நான்தான்” என்றாள் அவள். பறைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

குளிப்பாட்டிக் கிடத்திய உடம்புக்குக் கைக்கட்டும் கால்கட்டும் போட வேண்டும். பெரியவர் சாமிக்கண்ணு வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டுக் கைகளுக்கு நகர்ந்தபோது, ஜெயசித்ரா அந்தக் கைகள்மேல் தன் கையை வைத்தாள்.

“கையக் கட்ட வேணாங்க.”

“மொறைன்னு ஒண்ணு இருக்குதும்மா.”

“இருக்கட்டும். கையக் கட்ட வேணாம்.”

சாமிக்கண்ணு கலையரசனைப் பார்த்தார். கலையரசன் மாமாவைப் பார்த்தான். சாமிக்கண்ணு துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கொளஞ்சியம்மாள் கைகள் கட்டப்படாமல் பாடை ஏறினாள்.