ஆயிரத்து நூறு அடி

ஏலக்காரர் அந்த அட்டைப்பெட்டியை மறுபடியும் தூக்கிக் காட்டியபோதும் ஒருவரும் கை தூக்கவில்லை. ஹாலரன் பண்ணையின் கொட்டகைக்கு முன்னால், காய்ந்த புல்லில், கம்பிச்சுருள்களும் தீவனத் தொட்டிகளும் வரிசையாகக் கிடந்தன. கிழவி ஹாலரன் இறந்துபோக, மகள் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தாள். "விமானத்துல இருந்த மீட்டருங்கய்யா. ஆட்டுக்கு மாட்டிவிட்டா ஆடு பறக்கும். யாராவது ஒரு பத்து டாலர் சொல்லுங்கப்பா" என்றார் ஏலக்காரர். நாலு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவும் இல்லை. அந்த மௌனம் தாங்காமல்தான் ரோண்டா கை தூக்கினாள். அவளுக்கு விமானமும் தெரியாது, மீட்டரும் தெரியாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கறுத்த முகங்கள், வெள்ளை எண்கள், மண் படிந்த கண்ணாடிகள். எது எதைக் காட்டுகிறது என்று இணையத்தில் தேடப் போய், இப்படிப்பட்ட சாமான்களைச் சேர்க்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தாள். அதில் பெரும்பாலும் ஆண்கள். முதலில் அவளுடைய கேள்விகளுக்குச் சிரித்தார்கள், பிறகு பதில் சொன்னார்கள். அடுத்த மாதமே பக்கத்து ஊர் விமானத் திடலில் நடந்த பழஞ்சாமான் சந்தைக்குப் போய், ஒரு வேகமானியை அதன் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கி வந்து, குழுவில் திட்டும் வாங்கினாள். யாரோ ஒருவர் தன்னைத் திட்டியது அவளுக்குப் பிடித்திருந்தது. குளிருக்குத் தப்பி ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று சொல்லி, காருக்குப் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு வெப்பமான குயின்ஸ்லாந்துக்குப் போன அவள் கணவன் கிரேம் மூன்றாவது குளிர்காலத்தையும் அங்கேயே கழித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் பேசுவான். மீன் பிடித்ததைச் சொல்வான்.

ஹாலரன் பெட்டியிலேயே நல்லது, விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் உயரமானிதான் என்று குழுவினர் சொன்னார்கள். முள் மட்டும் ஆயிரத்து நூறு அடியில் இறுகி நின்றிருந்தது. குழுவில் இருந்த நியூசிலாந்துக்காரர் ஒருவர் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க, ரோண்டா கண்ணாடியைக் கழற்றி, பல் குத்தும் குச்சியால் உள்ளே சுத்தம் செய்தாள். பேருந்தின் பெரிய ஸ்டியரிங்குக்குப் பழகிய அவள் கைகள் அப்படியொரு பொறுமையைக் காட்டும் என்று அவளே நினைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முள் மெல்ல அசைந்தது. சுத்தம் செய்யும் முன் உள்ளே எடுத்திருந்த படத்தை அவருக்கு அனுப்பினாள். 'அடிபட்டு நின்றதல்ல இது. சும்மா அலமாரியில் கிடந்து கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது' என்று அவர் எழுதினார்.

அதை ஜன்னலோரம் வைத்தாள். காற்றின் அழுத்தத்தை அளந்துதான் அது உயரத்தைக் காட்டும். மழை வரும் முன் காற்றின் அழுத்தம் குறையும்போது முள் மேலே ஏறும். வானம் தெளிந்தால் இறங்கும். வேலை முடிந்து வந்ததும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். அவள் தொடாமல் அந்த வீட்டில் தானாக நகர்ந்த ஒரே பொருள் அது. "இன்னிக்கு இருநூறு அடி ஏறிட்டியா" என்று அதனிடம் பேசவும் தொடங்கியிருந்தாள்.

வசந்தத்தில் ஒரு மத்தியானம் கிளென் ஹாலரன் வந்தான். கிழவியின் மகன். மேற்கே சுரங்கத்தில் வேலை. அம்மாவின் சாமானை விற்றபோது ஊரில் இல்லை. ஏலக்காரரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"எங்கப்பா விமானத்து மீட்டர் உங்ககிட்ட இருக்குன்னாங்க. உயரம் காட்டுறது. என்ன விலைன்னாலும் சொல்லுங்க."

"உள்ள வாப்பா. விலையெல்லாம் அப்புறம்."

அவள் காட்டியதும் அவன் குனிந்து பார்த்தான். அன்று வானம் தெளிவாக இருந்தது. முள் எண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது இல்லீங்க."

"இதுதான்."

"எங்களுது நகராது. ஆயிரத்து நூறுலயே நிக்கும்."

ரோண்டா கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது. "நான்தான் சரி பண்ணினேன். அதுதான் ஓடலையேன்னு."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பிறகு மேசையைப் பார்த்தபடியே பேசினான். அப்பா வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியவர். மின்கம்பிக்கு அடியில் நுழைந்து வேடிக்கை காட்டப் போய் விழுந்தார் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். ஊரும் அதையே பேசியது. அம்மா மட்டும் நம்பவில்லை.

"இந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல எண்ணூறு அடி. விழுந்தப்போ முள்ளு ஆயிரத்து நூறுல இறுகி நின்னுச்சுன்னு அம்மா சொல்லும். அப்போ மனுஷன் முந்நூறு அடி மேலதானே இருந்திருக்கணும்? கம்பி எங்க, அவர் எங்க? அம்மா இதை ஃபிரிட்ஜ் மேல வெச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டும். பாதிரியாரைக்கூட விடல." அவன் சிரிக்கப் பார்த்தான். "நாங்க கேலி பண்ணுவோம். அதான், அக்கா தூக்கி ஏலத்துல போட்டுட்டா."

தண்ணீர் கொதித்து அடங்கியது. ரோண்டா தேநீர் போட மறந்து நின்றாள்.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டான். "எதனால நின்னிருந்துச்சு? திறந்து பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

அந்தப் படம் அவள் தொலைபேசியிலேயே இருந்தது. பழுப்பு மெழுகு போல் காய்ந்த கிரீஸ்.

"உள்ள சக்கரத்துல ஒரு சின்னப் பல்லு வளைஞ்சிருந்துது" என்றாள். "பலமா அடிபட்டு வளைஞ்ச மாதிரி."

கிளென் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மா சொன்னது சரிதானா அப்போ."

"எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாதுப்பா. நான் புதுசு."

"பழையபடி வெச்சுத் தர முடியுமா?"

கீழே இருந்த குமிழை அவள் மெல்லத் திருகினாள். முள் ஏறி ஆயிரத்து நூறில் நின்றது. அது அங்கேயே இருக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் ஏற்கெனவே அதை இரண்டு கைகளாலும் வாங்கியிருந்தான். பணத்தை நீட்டியபோது, "பெட்டிக்குக் கொடுத்ததே பத்து டாலர். போய்ட்டு வா" என்றாள். தேநீர்கூடக் குடிக்காமல் போகிறானே என்பது அவன் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். பக்கத்து இருக்கையில் அதை முகம் தன் பக்கம் தெரியும்படி சாய்த்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவள் வீட்டுக்கு அப்பால் சாலை நேராக மேட்டில் ஏறும். தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேடு. பேருந்தை இரண்டாவது கியருக்கு இறக்காமல் அதில் ஏற முடியாது. அவன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தபடி நின்றவள், முள்ளும் இப்போது கூடவே ஏறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சியில் பிரேக் விளக்குகள் எரிந்தன. வண்டி நின்றது. அந்தச் சாலையில் முன்னாலும் பின்னாலும் வேறு வண்டி இல்லை. ரோண்டா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். புழுதி அடங்கிவிட்டது. இரண்டு சிவப்புப் புள்ளிகளும் அணையாமல் அங்கேயே இருந்தன.