பொருந்தும், ஆனால் எரியாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவடியிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் 'ஒளி' சிறப்பிதழ் போடுகிறது. ஆசிரியர் ஜானகிராமன் தொலைபேசியில் கதை கேட்டார். ஆன்மிக ஒளியா, அரசியல் ஒளியா என்று அவரே இரண்டு வழிகளும் காட்டினார். கேமராவின் தலையில் மாட்டும் ஃப்ளாஷ் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"படிமமாத்தானே சொல்றீங்க?"

இல்லை சார், விலை மலிவான ஃப்ளாஷ் என்றேன்.

2

முதல் தொடக்கம்: இருளின் கருவறையில் ஒளி தன் முதல் மூச்சை…

(அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: முகப்பேரில் பவ்யா என்று ஒருத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்துவந்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, ஆரம்பநிலைக் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு போட்டோகிராபர் ஆகியிருக்கிறாள். வேலையை விட்ட அன்று டீம் லீடர், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் மறுபடி போய் உட்காரக் கூடாது. அவளுடைய லட்சியம் அவ்வளவுதான். கலை, அழகியல் எல்லாம் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்காக எழுதியது.

சென்னீர்குப்பத்தில் ஒரு வளைகாப்பு கிடைத்தது. அந்த வீட்டில் மாமியார் தாயம்மா வைத்ததுதான் சட்டம். இதை ஒழுங்காக எடுத்தால் தை மாதம் சின்ன மகன் கல்யாணமும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். கல்யாணம் கிடைத்தால் தொழில். கிடைக்காவிட்டால் டீம் லீடர்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பவ்யாவின் கணவன் கிருபாகரனை நீங்கள் நம்புவீர்களா? ஃப்ளாஷ் வாங்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் விமரிசன வீடியோ பார்த்தவன். ஒரு படம் எடுத்ததில்லை, ஆனால் லிஃப்ட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒளியின் வீச்சுத் தூரம் பற்றி வகுப்பெடுத்தான். மிகையாக இருக்கிறதே என்று குறைக்கப் பார்த்தேன். அப்புறம் எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவை ஒரு முறை படித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

கேமரா கம்பெனியின் சொந்த ஃப்ளாஷை வாங்கக் கேமராவையே விற்க வேண்டும். அந்தக் கேமராவுக்கென்றே வேறொரு கம்பெனி செய்தது நடுத்தர விலை. இன்னொன்று படு மலிவு; எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. கிருபாகரன் அதைத்தான் வாங்கினான்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் பள்ளத்தின் நடுவில் வட்டமாக ஓர் உலோகப் புள்ளி இருக்கும். 'இப்போது எரி' என்ற உத்தரவு அதன் வழியாகப் போகும். பவ்யாவின் மாடலில் அந்தப் புள்ளியே கிடையாது. மலிவு ஃப்ளாஷுக்கு வேறு எந்த வழியாகச் சொன்னாலும் காது கேட்காது.)

முந்தின நாள் மாலை மாட்டிப் பார்த்தார்கள். படம் விழுந்தது. ஃப்ளாஷ் அசையவில்லை. அதன் முதுகிலிருந்த சோதனைப் பொத்தானை அமுக்கினால் மட்டும் பளீரென்றது.

"எல்லாத்துக்கும் பொருந்தும்னு தெளிவா போட்டிருந்தான் பவி."

"பொருந்துதுப்பா. எரியத்தான் மாட்டேங்குது."

4

வாசலில் பந்தல், காலை வெயில். ஃப்ளாஷே தேவையில்லை என்றுதான் பவ்யா நினைத்தாள். முதலில் வந்த பெண்மணி, மருமகள் ரோஷினியின் கன்னத்தில் சந்தனம் தடவி, வளையல் போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து உறைந்தாள். பவ்யா எடுத்தாள். பெண்மணி உறைந்தபடியே இருந்தாள். அவளுக்குப் பின்னால் பன்னீர்ச் செம்போடு வரிசை முட்டியது. எடுத்தாகிவிட்டது என்று பவ்யா சொல்லியும் ஒருவரும் நகரவில்லை.

"எங்க எட்த்த? லைட்டே அடிக்கலயே," என்றாள் தாயம்மா. "எம்மா நேரம்மா பல்லக் காட்டிகினு நிப்பாங்க?"

எங்கள் பக்கத்து விசேஷங்களில் இதுதான் முறை. வெளிச்சம் கண்ணைக் குத்தினால்தான் படம். அதுவரை யாரும் மூச்சு விடுவதில்லை.

பவ்யா பைக்குள்ளிருந்து அந்த மலிவு ஃப்ளாஷை எடுத்து மாட்டினாள். வலது விரல் ஷட்டரில், இடது கட்டைவிரல் சோதனைப் பொத்தானில். கட்டைவிரல் முந்திக்கொண்டது. பளீர். எல்லோரும் திருப்தியாகக் கலைந்தார்கள். ஷட்டர் அதற்குப் பிறகுதான் விழுந்தது.

திருத்திக்கொள்ள நினைத்துத் திரையைப் பார்த்தாள். உள்ளே இழுத்துவைத்திருந்த தொப்பையைப் பெரியப்பா ஒருவர் வெளியே விட்டுக்கொண்டிருந்தார். புன்னகையைக் கழற்றிவிட்ட ஓர் அத்தை, தாம்பூலப் பையைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். பவ்யா திருத்திக்கொள்ளவில்லை. பந்தி போடும் வரை கட்டைவிரலே முந்தியது.

(இந்த இடத்தில் 'பொய் ஒளி அணைந்த கணத்தில் உண்மையின்…' என்று ஒரு வரி தானாக வந்தது. அதை ஜானகிராமனுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்.)

5

சாப்பாடு முடிந்து, தாயம்மா லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அத்தையையும் தொப்பையையும் பார்த்து வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள். பிறகு அவளுடைய படம் வந்தது.

அன்று காலை முழுக்க, ஒரு வேலையும் தெரியாத பெண் என்று வந்தவர்களிடமெல்லாம் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். படத்தில் தரையில் குந்தி, ரோஷினியின் வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கிவைத்து, கொலுசுத் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இத்த அழி," என்றாள்.

பவ்யாவின் விரல் நகர்ந்தது.

"இரு. எனுக்கு அனுப்பிட்டு அழி."

அனுப்பினாள். அழித்தாள். தாயம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கும் நீயே வா. ஆனா போஸு குட்க்கசொல்லோ மட்டும்தான் எடுக்கணும். ஒயுங்கா எரியிற லைட்டா வாங்கினு வா."

6

முடிவு அ: நடுத்தர விலை ஃப்ளாஷ் வாங்குகிறாள். ஆல்பத்தில் எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் பத்துக் கல்யாணங்கள்…

முடிவு ஆ: பழைய ஃப்ளாஷோடு போய், கட்டைவிரலால் சமாளித்து, தாயம்மாவிடம் மாட்டிக்கொண்டு…

இரண்டையும் முடிக்கவில்லை. நடுத்தர விலை ஃப்ளாஷ் இணையக் கடைக் கூடையில் கிடக்கிறது. கிருபாகரன் அதன் விமரிசனங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். பவ்யா வாங்கும் பொத்தானை இன்னும் அமுக்கவில்லை. என்னிடம் கேட்காதீர்கள், கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போனால் டீம் லீடருக்கு முன்னால் உட்காரப்போவது நானில்லை.

உங்கள் வீட்டில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். அவளை எந்த ஃப்ளாஷோடு வரச் சொல்வீர்கள்?