உரிக்காத பட்டை

ஆகஸ்ட், பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த மலையூரில் நடுக் குளிர்காலம். அப்போது மூன்று நாள் விடாமல் மழை கொட்டினால் பாரிலோச்சேக்காரர்கள் வானத்தைத் திட்டிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து எண்ணெயில் தோர்த்தா என்ற மாவு ரொட்டியைப் பொரித்துத் தின்பார்கள். பனி நனைந்து கனத்துக் கிடக்கும்போது ஸ்கீயோடு மலையேறக் கிளம்புகிறவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ காரியம் இருக்க வேண்டும். எலிசேயோவுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் அவன் வண்டியில் ஸ்கீ ஏற்றுவதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு நேலிதாவுக்குச் சுருக்கென்றது.

“எங்கடா கிளம்பிட்ட?”

“சும்மா ஒரு நடை.”

“இந்த மழையில வாத்துகூட வெளிய வராது. இரு, நானும் வர்றேன்.”

“வேணாம் நேலி. பனி ரொம்ப மோசமா இருக்கு.”

“மோசம்னா நீ ஏன் போற?”

அவள் தன் ஸ்கீயை எடுத்து வந்து வண்டியில் போட்டாள்.

நாற்பது நாளுக்கு முன் அவளுடைய தம்பி ஃபவுஸ்தோ எலிசேயோவோடு மலைக்குப் போய், பனிச்சரிவில் புதைந்து செத்தான். மார்பில் கட்டியிருந்த சிக்னல் கருவியால் உடல் அன்றே கிடைத்தது. ஸ்கீ இரண்டும் கிடைக்கவில்லை. நவம்பரில் பனி உருகினால் வெளியே வரும் என்றார்கள். ‘நான் வேண்டாம் என்றேன், கேட்காமல் உச்சியிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்தான்’ என்று எலிசேயோ சொன்ன கதைதான் ஊர் முழுக்க ஓடியது. மலைவிடுதியில் புதிதாக வருகிறவர்களிடம், “ஃபவுஸ்தோ மாதிரி ஆடாதீங்க” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள். நேலிதாவுக்கு அந்தக் கதை தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கொதிக்கிற எண்ணெயில் மாவைப் போடவே மூன்று முறை யோசிக்கிறவன் ஃபவுஸ்தோ. அவனாவது, பாய்வதாவது!

மழை தூறலாகியிருந்தது. ஸ்கீயின் அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறினார்கள். ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க அந்தப் பட்டை; இறங்கும்போது அதை உரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஈரப்பனி அதில் பிசைந்த மாவு போல அப்பிக்கொண்டது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று தட்ட வேண்டியிருந்தது. எலிசேயோவின் பட்டையில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. நேற்றே மெழுகுவர்த்தி தேய்த்து வைத்திருக்கிறான். சும்மா ஒரு நடையாம்! முதுகுப் பையில் மண்வாரியும், பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பியும் வேறு.

காட்டைத் தாண்டியதும் அவன் உச்சிப் பக்கம் திரும்பவில்லை. ஓடைச் சரிவின் அடிவாரத்துக்குத் திரும்பினான், ஃபவுஸ்தோவைத் தோண்டியெடுத்த இடத்துக்கு.

“நீ மரத்தடியிலயே நில்லு. மேல இருக்கிறது எப்ப வேணா சரியும்.”

“உன் மேல மட்டும் சரியாதா?”

அவன் சரிவை நோக்கி நடந்தான். அவளும் பின்தொடர்ந்தாள். அன்று சரிந்து குவிந்த பனியை மழை பாதிக்கு மேல் கரைத்திருந்தது. அழுக்குப் பனிக்கு நடுவே சிவப்பாக ஒரு ஸ்கீ நுனி நீட்டிக்கொண்டிருந்தது. எலிசேயோ ஓடிப்போய் மண்டியிட்டு, அதை இழுத்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்தான். கையில் கத்தி.

நேலிதா அவன் முதுகுப் பையிலிருந்த மண்வாரியை உருவி ஓங்கிப் பிடித்தாள்.

“கத்தியைக் கீழ போடு. தள்ளுடா!”

அவன் தள்ளினான். ஸ்கீயின் அடியில் பட்டை உரிக்கப்படாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

“பாய்ஞ்சு இறங்கினவன் பட்டையோடயா இறங்குவான்? ஏறிக்கிட்டிருந்திருக்கான். நீதான் முன்னால கூட்டிட்டுப் போய்க் கொன்னியா?”

“இல்ல நேலி.” அவன் கத்தியைப் பனியில் போட்டான். “ஃபவுஸ்தோ காட்டு வழியா பத்திரமா இறங்கிட்டான். நான்தான் அவன் பேச்சைக் கேக்காம இந்தச் சரிவுல இறங்கினேன். பாதியில பயம் புடிச்சிருச்சு. கால் நகரல. அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். கீழ நின்னவன், பட்டையை மறுபடி ஒட்டிக்கிட்டு எனக்காக ஏறி வந்தான். என் காலுக்குக் கீழதான் பனி அறுந்துச்சு. எல்லாம் அவன் மேலயே போச்சு. அப்புறம் சரிவுல பனியே இல்ல. நான் நடந்தே இறங்கினேன்.”

“இது புதுக் கதையா?”

கேட்டுக்கொண்டே அவள் ஸ்கீயைத் தடவினாள். பட்டையைச் சுற்றி நீல டேப். கத்தி அந்த டேப்பைப் பாதிதான் அறுத்திருந்தது. காலையில் காய்ந்த ஸ்கீயில் ஒட்டுகிற பட்டைக்கு டேப் எதற்கு? ஒருமுறை உரித்து, பனிபட்டுப் பசை போனதை மறுபடி ஒட்டினால்தான் டேப். ஊன்றுகோலில் நீல டேப் சுற்றி வைத்திருப்பது ஃபவுஸ்தோ ஒருவன்தான். மேலே ஒருவன் கத்திக்கொண்டிருந்த அந்த அவசரத்திலும் மூன்று சுற்று, ஓரம் மடித்து.

நாற்பது நாளாக வராத அழுகை இப்போது வந்தது. தம்பியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. எதிரே நிற்பவனைக் கொன்று போடலாம் போலவும் இருந்தது.

“அம்மாகிட்ட நானே சொல்லிடறேன் நேலி. நல்ல நேரம் பார்த்து...”

“உன் வாயை நம்பித்தான் நாற்பது நாள் போச்சு. அதை முதுகில கட்டு. பட்டை வெளிய தெரியணும்.”

அவன் புரிந்துகொண்டான். விடுதி வழியாகத்தான் ஊருக்குப் போக வேண்டும். மழைக்கு ஒதுங்கி அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஃபவுஸ்தோவின் சிவப்பு ஸ்கீ தெரியும். பட்டை என்ன சொல்கிறது என்பதும் தெரியும்.

“நீ முன்னால நட,” என்றாள்.

வழியெல்லாம் அவள் அந்தப் பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் கை பின்னால் போனபோதெல்லாம், “கை முன்னால,” என்றாள்.