முதுகு காட்டிப் பேசும் வாத்தியார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. மறைப்பானேன்? முன்னால் ஒரு அம்மா, கடைசி சீட்டில் இன்னொரு அம்மா, நடுவில் நெரிசல். இருவரும் உதட்டை மட்டும் அசைத்து, சத்தமே இல்லாமல், ஒரு முழு நீளக் குடும்பச் சண்டையைப் பேசி முடித்தார்கள். ஒருத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் எழுத உட்கார்ந்தேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “ஒரு நாட்டின் உழைப்புச் சந்தையைக் கல்வியும் உடல்நலமும் எவ்வாறு...”

சீ, வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வருகிறது. (விஷயம் என்னவோ அதுதான். மனசில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: அழுத்துக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர்.

ம். இது பரவாயில்லை.

3

இரும்புத் தகட்டை டப்பா மூடியாக அழுத்தித் தள்ளும் கூடம் அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மண்டைக்குள் ஆணி அடிக்கிற சத்தம். அங்கே தொண்டையை நம்பி யாரும் பேசுவதில்லை, எல்லாம் உதடுதான். அதில் ரேடியோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாத்தனார் செய்த கூத்தை இவள் முதல் மெஷினில் ஆரம்பித்தால் கடைசி மெஷின் வரை சிரிப்பு ஓடும். மேஸ்திரிக்குப் பின்னால் நின்றுகொண்டே மேஸ்திரியின் மீசையைக் கிழிகிழியென்று கிழிப்பாள். அந்த மனுஷர், எதிரில் இருப்பவர்கள் ஏன் பல்லைக் காட்டுகிறார்கள் என்று திருதிருவென விழிப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய மெஷினைப் போடும் முன் மேஸ்திரி திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். உடனே எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். என் கை உள்ளே மாட்டவில்லை, நீ ஓட்டு என்று அர்த்தம்.*

* காதை அடைக்கப் பஞ்சு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இப்போது அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது. பயிற்சியில் தேறினால் புதுக் கூடம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. ரேடியோ வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

பயிற்சி வாத்தியார் சின்ன வயசு, தங்கமானவர். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று, பலகையைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவார். “புரியாதவங்க கை தூக்குங்க” என்று பலகையிடம் சொல்லிவிட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

மேஸ்திரியின் அதே பார்வை. பலகையிடம் சொன்னது காதில் விழாத பழைய கூடத்து ஆட்கள், வகுப்பு முழுக்க, இரண்டு கையையும் தூக்கினார்கள்.

பாவம், தலையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுநாளும் அதே கதை. “என்னைக் கிண்டல் பண்றீங்களா?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அதையும் பலகையிடம்தான் கேட்டார்.

4

‘காது கேக்கலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?’ என்கிறீர்கள். நானும் அவளைக் கேட்டேன். (எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. எதிரில் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து கேட்டேன்.)

“சொல்லலாம்தான். புது மெஷின் கோளாறானா கீச்சுகீச்சுன்னு கத்துமாம். அது காதுல விழணுமாம். விழலேன்னு தெரிஞ்சா கம்பெனி டாக்டர் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவார். சொன்னா பாடம் கிடைக்கும், வேலை போயிடும். சொல்லலைன்னா பாடமே ஏறாது, அப்பவும் போயிடும். நீங்க படிச்சவர், ஒரு வழி சொல்லுங்க பார்ப்போம்.”

நான் பேச்சை மாற்றினேன். “அந்தக் கூடத்தை நினைச்சுக்கிறதுண்டா?”

“நினைக்காத நாள் ஏது?”

“அதுதானே உங்க காதைத் தின்னது?”

“தின்னுச்சு, நாசமாப் போக. ஆனா அங்க யாருக்கும் எதுவும் கேக்காது. அதனால யாரும் செவிடு இல்ல. நான் வாயைத் திறந்தா அத்தனை முகமும் என் பக்கம் திரும்பும். இங்க காத்தாடி சத்தம்கூட இல்லாத ரூம்ல கல்லாட்டம் உக்காந்திருக்கேன். பேசவே ஆசையில்லை.”

அவள் ஏக்கத்தை நியாயம் என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா? நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஏக்கம் என்பது ஒரு... இல்லை. எனக்குத் தெரியவில்லை.

5

ஒரு முடிவு எழுதினேன்: புது மெஷினில் சத்தத்தோடு ஒரு சிவப்பு விளக்கும் எரிகிறது. எல்லோருக்கும் வேலை. சுபம்.

கிழித்துவிட்டேன். விளக்கு வைக்க எனக்கு ஒரு வரி போதும். ஆனால் வைக்க வேண்டிய முதலாளிகள் மாடியில் இருக்கிறார்கள், கதைக்குள் இறங்கி வரவே மாட்டேன் என்கிறார்கள்.

6

ஆகவே இதோ, தேர்வு நாள் காலை. வாத்தியாருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வேண்டுமென்றே பலகைப் பக்கம் திரும்பி நின்று, மெதுவாகக் கேட்கிறார்:

“ரேடியோக்கா, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?”

வகுப்பில் யாருக்கும் விழவில்லை. கேட்டது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான். அவர் திரும்பப் போகிறார். நல்லவர்தான், ஆனால் அவரும் சம்பளம் வாங்குகிறவர். உண்மை தெரிந்தால் இனிமேல் முகம் பார்த்துப் பாடம் நடத்துவாரா, நேரே டாக்டரிடம் போவாரா, என்னால் சொல்ல முடியாது.

அவர் கேட்டதை நீங்கள் உதட்டை அசைத்து அவளுக்குக் காட்டினால் போதும். “நல்லாக் கேக்குது சார்” என்று அவள் சொல்லிவிடுவாள். அப்புறம் அந்தக் கீச்சுச்சத்தம் காதில் விழாமலே மெஷின் முன்னால் போய் நிற்பாள். அசைக்காவிட்டால் வாத்தியார் திரும்பும்போது அவளுக்குப் பதில் இருக்காது.

எழுதுகிறவனுக்கு இங்கே உதடு இல்லை. அவள் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.