டைப்ரைட்டர்கள் போகப் போக ஏறிய வீடு

முதல் டைப்ரைட்டரை வக்கீல் குமாஸ்தா தூக்கிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை காலை, அந்த வீடு தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. வாசற்படிக்கும் மண்ணுக்கும் நடுவே எறும்புகள் வரிசையாகப் போய்வந்தன. வீட்டுக்காரி, பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய் மீதித் துணியை மடித்தாள்.

கணவர் இருபத்தேழு வருடமாகச் சேர்த்தவை மொத்தம் நாற்பத்தொன்று. மனுஷன் பேச்சில் படு கஞ்சன். மெஷின்களுக்கு எண்ணெய் விடும்போது மட்டும் ஏதோ முணுமுணுப்பார். கூடம் நிறைந்து, படுக்கையறை நிறைந்து, அவள் தலைமாட்டிலேயே மூன்று இருந்தன. அவர் போய்ப் பதினோரு மாதமாகியும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்றாள் நாத்தனார். அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. ஊசி போட்டு மரத்த உதட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல நாட்களைத் தொட்டுக்கொண்டிருந்தாள். மகன்தான் போனில் அரித்தெடுத்தான்: "ஒண்ணே ஒண்ண வச்சுக்கிட்டு மத்தத குடுத்துடும்மா. வீட்டுல கால் வைக்க எடமில்ல."

நாடகக்காரர்கள் பதினொன்றை ஏற்றிப் போனதும் வீடு ஒரு சாண் உயரத்தில் நின்றது. அடுத்த மூன்று மாதத்தில் இடுப்பளவு. குழாய்க்காரர் வந்து குழாயை நீட்டிக் கொடுத்தார். வீட்டுக்கடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டது.

"அக்கா, வீடு ஏறிக்கிட்டே போகுதே, பயமா இல்ல?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தையற்காரி.

"முட்டிதான் வலிக்குது. ஏணி இருந்தா குடேன்."

கடைசியில் ஒன்று மிஞ்சியது. கல்யாணமான புதிதில், வேறு ஊரில் வேலை பார்த்த அவளை இங்கே மாற்றித் தரச் சொல்லி அவர் மனு அடித்த மெஷின். கீழே குனிந்து பார்த்த கொத்தனார், "இது போச்சுன்னா வீட்டப் பிடிச்சு நிறுத்த எதுவுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே, தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் பெண் மூச்சிரைக்க வந்தாள். அவள் மெஷின் உடைந்துவிட்டது; ஆட்கள் காலையிலிருந்து காத்து நிற்கிறார்கள். நர்ஸ் உள்ளே போனாள். மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

தையற்காரி பதறினாள். "ஒண்ண வச்சுக்கச் சொல்லி உங்க மகனே சொல்லுச்சே!"

"வச்சுக்கிட்டு? நான் யாருக்கு மனு போடறது?"

கொடுத்துவிட்டு ஏறி உள்ளே போனாள். அவள் கதவைச் சாத்துவதற்குள் ஏணி கீழே விழுந்தது. வீடு அவசரமில்லாமல் மேலே போய், தெருக் கம்பிகளைத் தாண்டி நின்றது. ஜன்னலில் கை ஊன்றிப் பார்த்தாள். யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ மூடியில்லாமல் கிடந்தது. மொட்டை மாடியில் ஒரு பெண் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நர்ஸ் காத்திருந்தாள். பசி வந்தது. பதினோரு மாதத்துக்கும் மேலாக வராத பசி. இருந்ததையெல்லாம் சூடாக்கி, நின்றபடியே சாப்பிட்டாள்.

மறுநாள் கயிற்றில் ஒரு வாளி இறங்கியது. தபால்காரர் கடிதத்தை அதில் போட்டு, கயிற்றை இரண்டு முறை சுண்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.