இரண்டே வரிப் பிடித்தம்

செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னிரண்டு பத்து. ஆசிரியர் அறையில் இருந்த பிரின்டர் இருமி இருமிச் சம்பளச் சீட்டுகளைத் துப்பியது.

டீச்சர் தன் சீட்டை உருவிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து மேஜையில் ரேடியோ. அந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் அவளைத் தவிரத் தமிழ் பேசும் ஒரே ஜீவன். வாயைத் திறந்தால் ஒலிபரப்பு நிற்காது என்பதால் அவளே வைத்த பெயர். அவளைவிட ஆறு வயது சின்னவன். ஆனால் இங்கே நாலு வருஷ அனுபவஸ்தன்.

"என்ன தம்பி, இந்த மாசமும் அஞ்சு வெட்டா?"

"அஞ்சேதான்கா. கத்திரியைக் கையில வச்சுக்கிட்டே காத்திருப்பானுங்க போல. உங்களுக்கு?"

"ரெண்டு."

"கொடுத்து வச்சவங்க. நமக்குத்தான் எங்க போனாலும் மொட்டை."

எட்டு மாதமாக நடக்கும் கேலிதான். வழக்கமாக டீச்சர் சிரிப்பாள். இன்று சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

காரணம், அவள் கைப்பையில் இருந்த ஒரு தாள். ஊரில் இருக்கும் கணவரையும் ஏழு வயது மகளையும் இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள விசா விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியல். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்து பிடித்த நேரம். அதைத் தவறவிட்டால் அடுத்தது ஐந்து மாதம் கழித்து. அதற்குள் இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும். வாலு, அதாவது மகள், இன்னொரு வருஷம் அம்மாவைச் செல்போன் கண்ணாடிக்குள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பட்டியலில் ஐந்து வரிக்கு டிக் போட்டாயிற்று. ஆறாவது வரியில் பேனா நின்றது.

'கடைசி ஆறு மாதம் மருத்துவக் காப்பீட்டுச் சந்தா கட்டியதற்கான சான்று.'

"தம்பி, மருத்துவக் காப்பீட்டுக்கு நமக்குப் பிடிக்கிறாங்கதானே?"

"பிடிக்காம விடுவாங்களா? அந்த அஞ்சுல எதாவது ஒண்ணா இருக்கும்."

"எது?"

"யாருக்குத் தெரியும்? அவங்க வெட்டுறாங்க, நான் மிச்சத்தை வாங்கிக்கிறேன்."

"நாலு வருஷமா?"

"நாலு வருஷமா!" என்றான், ஏதோ பதக்கம் வாங்கியவன் மாதிரி.

சீட்டு முழுக்க உள்ளூர் மொழி. டீச்சர் செல்போனை எடுத்து, மொழிபெயர்க்கும் கேமராவை முதலில் அவன் சீட்டின் மேல் பிடித்தாள். எழுத்துகள் நெளிந்து, குழம்பி, தமிழாகி நின்றன. 'வருமான வரி. ஊர் வரி. நோய்ப் பணம். முதுமைப் பணம். வேலை போன பணம்.'

"அக்கா, எனக்கு வேலை போயிடுச்சா?"

"வாயை மூடு. வேலை போனா கொடுக்கிற பணம். அதுக்கு இப்பவே பிடிச்சு வைக்கிறாங்க."

கேமரா அவள் சீட்டுக்கு வந்தது. வருமான வரி. ஊர் வரி. அவ்வளவுதான். கீழே வெள்ளைத்தாள், துடைத்துவிட்ட மாதிரி.

நோய்ப் பணம், அதாவது மருத்துவக் காப்பீடு, இல்லவே இல்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று எழுந்தது. ஏன்? அதே வேலை. அதே ஆறு வகுப்பு. அதே உடைந்த சக்கர நாற்காலி. அப்புறம் எப்படி இவனுக்கு ஐந்து, அவளுக்கு இரண்டு? எட்டு மாதத்தில் ஒரு தும்மலுக்குக்கூட டாக்டரிடம் போகவில்லை. அதனால் காப்பீட்டு அட்டை என்று ஒன்று வந்ததா, வரவில்லையா என்றே அவள் யோசித்ததில்லை.

இரண்டு சீட்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். கட்டங்கள் பொருந்தின. முத்திரை பொருந்தியது. தலைப்பு மட்டும் பொருந்தவில்லை. கேமரா சொன்னது: அவனுடையது 'சம்பளச் சீட்டு'. அவளுடையது 'சேவைக் கட்டணச் சீட்டு'. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'பெறுபவர்: சொந்தத் தொழில் செய்பவர்.'

ரேடியோ எழுந்து நின்று கும்பிட்டான். "முதலாளியம்மா! சொல்லவே இல்ல. கடை எங்க போட்டிருக்கீங்க?"

"உன் தலையில" என்று சொல்லிவிட்டு, சீட்டோடு கணக்குப் பிரிவுக்கு நடந்தாள்.

கணக்குப் பிரிவு என்பது ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காதவள். கேள்வியைக் கேட்டதும் முதல்முறையாக நிமிர்ந்தாள். அலமாரியைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்து டீச்சர் முன்னால் திருப்பி வைத்தாள்.

சேர்ந்த அன்று போட்ட தாள். இரண்டு கட்டம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொகை. இரண்டாவது தொகை பெரியது. இரண்டாவது கட்டத்தில் டிக். கீழே டீச்சரின் கையெழுத்து, வால் நீட்டி, உற்சாகமாக.

"நீங்கதானே கேட்டீங்க?" என்றாள் அந்த அம்மாள், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். "கைக்கு அதிகமா வர்ற மாதிரி வேணும்னு."

கேட்டாள்தான். ஊரில் வேலை என்றால் அத்தை முதல் ஆட்டோக்காரர் வரை கேட்கும் ஒரே கேள்வி, 'கைக்கு எவ்வளவு வரும்?' மொத்தச் சம்பளத்தை யார் கேட்கிறார்கள்? நேர்காணலுக்கு முந்தின நாள் கணவரே வகுப்பெடுத்து அனுப்பியிருந்தார்.

இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து அவருக்கு போன் போட்டாள்.

"ஏங்க, நான் இங்க வேலைக்காரியே இல்லையாம்."

"என்னம்மா சொல்ற? தூக்கிட்டாங்களா?"

"சேர்க்கவே இல்லையாம். நான் தனியா தொழில் பண்றேனாம். அதனால காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் வர முடியாது."

"அய்யோ, மொத்தத்தைச் சொல்லி ஏமாத்துவாங்க, கைக்கு எவ்வளவுன்னு மட்டும் கேளுன்னு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்?"

"நீங்க சொல்லிக்கொடுத்தீங்க, நான் டிக் போட்டேன். கூட்டுக் களவாணிங்க. இப்ப அழாம யோசிக்கணும். நாளைக்குக் காப்பீட்டு ஆபீசுக்குப் போறேன்."

புதன் காலை. காப்பீட்டு அலுவலகம். டோக்கன் நாற்பத்தேழு. கவுண்டரில் சுருட்டை முடி இளைஞன். ஆங்கிலம் பேசக் கிடைத்த வாய்ப்பை விடமாட்டேன் என்ற முகம். டீச்சர் தன் சீட்டையும் கேட்டு வாங்கி வந்த ரேடியோவின் சீட்டையும் அருகருகே வைத்தாள்.

அவன் விரலை நீட்டி மடக்கிக் கேட்டான்.

"வகுப்பு எத்தனை மணிக்குன்னு யார் முடிவு பண்றாங்க?"

"நிர்வாகி."

"நீங்க வராத அன்னைக்கு உங்களுக்குப் பதிலா உங்க சினேகிதியை அனுப்பலாமா?"

"அனுப்பினா அவளையும் சேர்த்துத் திட்டுவார்."

"போர்டு, புத்தகம், பேனா?"

"எல்லாம் அவங்களோடது. பேனாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாக்கூட நோட்டீஸ் ஒட்டுவாங்க."

"இதே பாடத்தை வேற நிலையத்துல நடத்தலாமா?"

"கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு."

இளைஞன் நாற்காலியில் சாய்ந்தான். "மேடம், நேரம் அவங்களோடது, இடம் அவங்களோடது, பேனா அவங்களோடது. இதுல உங்க தொழில் எங்க இருக்கு? தாள்ல என்ன டிக் போட்டாலும் சரி, நீங்க ஊழியர்தான்."

டீச்சருக்கு உட்கார்ந்த இடத்தில் இருந்து ஒரு அங்குலம் எழும்பியது போலிருந்தது. அப்புறம் அவன் கணக்கை விளக்கினான். சந்தாவில் பாதி ஊழியர் கொடுக்க வேண்டும், பாதி நிறுவனம் கொடுக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் டிக் விழுந்தால் ஊழியரின் பாதி கைக்கு வரும். நிறுவனத்தின் பாதி நிறுவனத்திடமே தங்கிவிடும்.

அவளுக்குக் கொடுத்த லட்டுக்குள் அவர்களுக்கும் ஒரு லட்டு இருந்திருக்கிறது!

"பழைய மாசத்துக்கு இப்ப கட்டலாமா?"

"கட்டலாம். எட்டு மாசப் பங்கை ரெண்டு பேரும் கட்டணும். நிறுவனம் இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டா சான்றிதழ் அன்னைக்கே. போடலைன்னா புகார் கொடுங்க. நாங்க விசாரிப்போம். மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதம். அவளிடம் இருந்ததோ இரண்டு நாள்.

திரும்பி வந்தபோது ஆசிரியர் அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒலிபரப்பு காலையிலேயே தொடங்கிவிட்டது போல. நடு மேஜையில் ஏழு சீட்டுகள் பரப்பியிருந்தன. ரேடியோ செல்போனைப் பிடித்துக்கொண்டு கைரேகை பார்ப்பவன் மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நம்ம ரெண்டு சீட்டையும் சேர்த்து, அஞ்சு வரி அஞ்சு பேருக்கு. ரெண்டு வரி நாலு பேருக்கு. ரெண்டு வரிக்காரங்க எல்லாம் போன வருஷத்துக்கு அப்புறம் சேர்ந்தவங்க!"

"உன்னை யாருடா ஊரைக் கூட்டச் சொன்னா?"

"நான் ஒருத்தர்கிட்டதான்கா சொன்னேன்."

அந்த நாலு பேரில் ஒருத்தி, குட்டைமுடி வெள்ளைக்காரப் பெண், எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. "எனக்கு இந்த அஞ்சு வரி வேண்டாம். எனக்குக் குடும்பமும் கிடையாது, வியாதியும் கிடையாது. நீ ஆரம்பிச்சு வச்சதால என் சம்பளமும் குறையப் போகுது. உனக்கு நான் நன்றி சொல்லணுமா?"

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று டீச்சரால் சொல்ல முடியவில்லை. "என் பொண்ணு வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

குட்டைமுடி தன் சீட்டை எடுத்து நாலாக மடித்துக்கொண்டு வெளியேறினாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு நிர்வாகியின் அறை. மெலிந்த மனிதர். மேஜை மேல் மூன்று பேனா, ஒரே நீளம். படிவத்தைப் படித்தார். ஓரமாகத் தள்ளினார்.

"நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தேன்."

"ஆமாம் சார். தெரியாமல் கேட்டேன். இப்போது தெரிந்து கேட்கிறேன்."

"இது எட்டு மாதப் பணம்."

"என் பங்கை இந்த மாதச் சம்பளத்திலேயே மொத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்."

"என் பங்கு?"

"அது எட்டு மாதமாக உங்களிடமே இருக்கிறது சார்."

சொல்லி முடித்ததும் டீச்சருக்கே தூக்கிவாரிப்போட்டது. தானா பேசியது?

நிர்வாகி ஒரு பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தார். "கையெழுத்துப் போடாவிட்டால்?"

"இன்றே புகார் கொடுப்பேன். விசாரிக்க மூன்று மாதம் ஆகுமாம். என் மகள் வரமாட்டாள், எனக்கு நஷ்டம்தான். ஆனால் விசாரிக்க வருகிறவர்கள் என் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?"

மிரட்டல் இல்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. அந்தக் குரலில் இருந்த ஆர்வம்தான் நிர்வாகியைக் கலக்கியிருக்க வேண்டும். அவர் பார்வை கண்ணாடிக் கதவைத் தாண்டி ஆசிரியர் அறைக்குப் போனது. அங்கே வகுப்புக்கு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. மேஜையைச் சுற்றித் தலைகள். நடுவில் ரேடியோ.

"அது என்ன கூட்டம்?"

"சீட்டு படிக்கிறார்கள் சார்."

நிர்வாகி கால்குலேட்டரை இழுத்தார். தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். நாலு பேருக்கு அபராதத்தோடு ஒரு தொகை, அபராதம் இல்லாமல் ஒரு தொகை. கடைசியில் மூன்று பேனாவில் நடுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தைக் கொடுக்கும்போது கேட்டார்: "மற்ற மூன்று பேருக்கும் படிவம் இருக்கிறதா?"

"இரண்டு பேர் கேட்டார்கள். நேற்று மறுபடி போய் வாங்கி வந்திருக்கிறேன். மூன்றாமவருக்கு யோசிக்க நேரம் வேண்டுமாம்."

அன்று மதியம் காப்பீட்டு அலுவலகத்தில் சுருட்டை முடிக்காரன் சூடு ஆறாத தாளை நீட்டினான். எட்டு மாதம், எட்டு வரி. அந்த மாதம் டீச்சருக்குக் கைக்கு வரப்போவது வாடகையும் பஸ் பாஸும் போக, பால் வாங்கும் காசு. விமான டிக்கெட்டுக்கு அவள் சேர்த்து வைத்திருந்தது வீட்டுச் செலவுக்குப் போய்விடும். விஷயத்தைக் கேட்ட கணவர் அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"பைக்கை எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருந்தாருல்ல? டிக்கெட்டுக்காக அவருக்கே வித்துட்டேன்."

"உங்க பைக்கையா? என்னைக்கூட உட்கார விடமாட்டீங்களே அதுல!"

"அங்க வந்து பஸ்ல உட்கார்றேன். நீ நாளைக்கு விசா வரிசையில போய் நில்லு."

வெள்ளி, பத்து நாற்பது. விசா கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஆறாவது தாளில் நிறுத்தினாள். தேதியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"எட்டு மாதமும் ஒரே நாளில் கட்டப்பட்டிருக்கிறதே?"

"ஆமாம். இந்த வாரம்தான் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்."

அந்தப் பெண் பக்கத்து கவுண்டர்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். முத்திரை இறங்கியது. டப்.

"மூன்று வாரம். விசா தபாலில் வரும்."

வெளியே படியில் நின்றபடியே ரசீதைப் படம் எடுத்து அனுப்பினாள். பதில் கணவரிடமிருந்து வரவில்லை. வாலுவின் குரல் வந்தது, மூச்சு விடாமல்.

"அம்மா, அங்க ஸ்கூல்ல ஜன்னல் பக்கம் யார் உக்காருவாங்க? அவங்க பேசறது எனக்குப் புரியலைன்னா பாத்ரூமுக்கு எப்படிக் கேக்கறது? அப்பா ஏன் பைக்கோட ரெண்டாவது சாவியை மட்டும் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு?"

டீச்சர் அங்கேயே படியில் உட்கார்ந்து, முதல் கேள்வியிலிருந்து பதில் சொல்லத் தொடங்கினாள்.